பாட்டுப் பதிவு சாஃப்ட்வேரில் நமக்கு வேண்டிய மாற்றங்கள்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில், மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் பாட்டுப் பதிவு செய்கிறேன். ஆடி பிறப்பதற்கு முன்னால் அம்மன் பாட்டுக்காரர்கள், மார்கழிக்கு முன்னால் பஜனைக் குழுக்கள், டிசம்பரில் சர்ச் பாடகர்கள், நடுநடுவே கல்லூரிப் பிள்ளைகள் என்று வருஷம் முழுக்க யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். வேலை நடக்கும்போதே "இதுல இது ஏங்க இல்லை?" என்று கேள்வி வந்துவிடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைப் பதிலோடு இங்கே எழுதுகிறேன். வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கும், சாஃப்ட்வேர் எழுதுகிற நம் பிள்ளைகளுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

எந்த சாஃப்ட்வேரைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

ரீப்பர், ஆடாசிட்டி, ஆர்டோர், க்யூபேஸ், எஃப்.எல். ஸ்டூடியோ, லாஜிக் எல்லாவற்றையும் பற்றித்தான். மைக்கில் வருவதை டிராக் டிராக்காக (ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனி வரிசையாக) பிடித்து, வெட்டி ஒட்டி, மிக்ஸ் செய்து ஒரு பாட்டாக வெளியே தருவதுதான் எல்லாவற்றுக்கும் வேலை. ஆடாசிட்டி இலவசம், திறந்த மூலம். ஆர்டோரும் திறந்த மூலம்தான். ரீப்பரை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், சின்ன உரிமம் 60 டாலர். நான் அதிகம் தொடுவது ரீப்பரும் ஆடாசிட்டியும்.

க்யூபேஸ் 1989இல் வந்தது, புரோ டூல்ஸ் 1991இல். அப்போது போட்ட அடித்தளம் மேற்கத்திய ஸ்டூடியோவின் பழக்கத்தை ஒட்டியது: நாலு எண்ணிக்கை கொண்ட பார், பன்னிரண்டு நிலையான சுரம், கரண்ட் போகாத கட்டடம். கீழே வரும் கேள்விகளில் பாதி அங்கேதான் முளைக்கின்றன.

ஒரே ஒரு மாற்றம் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

கரண்ட் போனால் டேக், அதாவது ஒரே தடவையாகப் பாடிப் பதிந்தது, போகக்கூடாது. அதைத்தான் கேட்பேன்.

ஒரு ஆனி மாதம், அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் பம்பைக் குழுவோடு வந்திருந்தார். அம்மன் வர்ணிப்பு, நிறுத்தாமல் பதினெட்டு நிமிஷம் போகும். எழுதிவைத்த பாட்டு இல்லை, மனசிலிருந்து வருவது. ஏறக்குறைய முடியும் நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே தளர்ந்திருந்தது, கம்ப்யூட்டரும் கூடவே அணைந்துவிட்டது. மறுபடி திறந்தால் டிராக்கில் ஒன்றுமில்லை. கோப்பைத் தொட்டால் நீளம் பூஜ்யம் என்றது. அந்த அம்மா தண்ணீர் குடித்துவிட்டு, "விடு தம்பி, ஆத்தா அவ்வளவுதான் கேட்டா" என்றார். இரண்டாவது முறை பாடினார், நன்றாகவே பாடினார். முதல் தடவை நடுவில் ஓர் இடத்தில் குரல் உடைந்து மேலே ஏறியது, அது இரண்டாவதில் வரவில்லை.

கோப்பு உண்மையில் போகவில்லை என்பது அன்று ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது. ஒலி முழுவதும் டிஸ்க்கில் இருந்தது. வேவ் கோப்பின் தலைப்பகுதியில் "இத்தனை பைட் ஒலி உள்ளே இருக்கிறது" என்று ஒரு கணக்கு எழுத வேண்டும். சில சாஃப்ட்வேர் அதைப் பதிவு முடிந்து நிறுத்தும்போதுதான் எழுதும். நடுவில் கரண்ட் போனால் கணக்கு எழுதாமலே நின்றுவிடும், திறக்கிற சாஃப்ட்வேர் "காலி" என்று நம்பிவிடும்.

கேட்க வேண்டிய மாற்றம் இதுதான். சில வினாடிக்கு ஒருமுறை அந்தத் தலைப்பகுதியை எழுதிக்கொண்டே போக வேண்டும். எந்த நிமிஷம் வரை டிஸ்க்கில் பத்திரமாகிவிட்டது என்று திரையில் காட்ட வேண்டும். மறுபடி திறக்கும்போது தானாகவே மீட்டு, எங்கே விட்டதோ அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். செய்ய முடியாத காரியம் எதுவும் இதில் கிடையாது. ஆடாசிட்டி 2021இல் 3.0 பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள முறையில் வைக்க ஆரம்பித்தது. பாதியில் அணைந்தால் அடுத்த முறை திறக்கும்போது மீட்கவா என்று அதுவே கேட்கிறது.

அப்படிப் போன டேக்கை நானே மீட்க முடியுமா?

பல சமயம் முடியும். முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு நிமிஷத்துக்கு 8.64 எம்பி வரும். பத்து நிமிஷம் பாடியிருந்தால் 86 எம்பி இருக்க வேண்டும். அந்த அளவு காட்டினால் ஒலி உள்ளே இருக்கிறது. கோப்பை வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, பிரதியில் மட்டும் கை வையுங்கள்.

ஆடாசிட்டியின் இறக்குமதி மெனுவில் "ரா டேட்டா" என்று ஒன்று உண்டு. அது தலைப்பகுதியைப் படிக்காமல் பைட்டுகளை நேராக ஒலியாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் பதிந்த அதே விவரத்தைக் கொடுக்க வேண்டும்: 24 பிட், ஒரு சேனல், 48000, பைட் வரிசை லிட்டில் எண்டியன். விவரம் தப்பினால் அருவி கொட்டுகிற மாதிரி இரைச்சல் வரும். பயப்படாமல் பிட் எண்ணை மாற்றி மறுபடி முயலுங்கள். சரியான எண் விழுந்ததும் குரல் தெளிவாக வந்துவிடும். தொடக்கத்தில் ஒரு சின்ன "டப்" கேட்கும், அது தலைப்பகுதிதான், வெட்டிவிடலாம்.

அந்த அம்மாவின் முதல் டேக்கை நான் இப்படித்தான் எடுத்தேன். இப்போது அவர் குழு வெளியிட்ட பாட்டில் இருப்பது முதல் டேக்.

கோப்பின் அளவே பூஜ்யம் என்றால் நிலைமை வேறு. அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல், கோப்பு மீட்கும் கருவி தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

நம் தாளத்துக்கு மெட்ரோனோம் ஏன் சரியாக அமைவதில்லை?

பாட்டு கற்றவர்கள் ஒருவர் விடாமல் கேட்பது இது. சாஃப்ட்வேருக்குத் தெரிந்தது 4/4, 3/4, 7/8 என்ற பின்னக் கணக்கு. ஆதி தாளம் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கைதானே, 4/4ஐ இரண்டு முறை ஓட்டினால் போதாதா என்று தோன்றும். ஆனால் ஆதி தாளம் ஒரு லகு (ஒரு தட்டும் விரல் எண்ணிக்கையும்), இரண்டு திருதம் (ஒரு தட்டும் ஒரு வீச்சும்), அதாவது 4+2+2. மெட்ரோனோம் அடிக்கும் கிளிக் நாலுக்கு ஒருமுறை உரக்க விழுந்தால் ஐந்தாவது அட்சரம் வரும்போது புது ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் புதுச் சுற்று, பிறந்த மாதிரியே இருக்கும். கண்ணை மூடிப் பாடுகிறவருக்கு, லகுவில் இருக்கிறோமா திருதத்துக்கு வந்துவிட்டோமா என்று காது சொல்லாது. கையில் தாளம் போட்டுக்கொண்டே பாடச் சொன்னால் தொடைத் தட்டு மைக்கில் விழுகிறது.

மிஸ்ர சாபு இன்னும் கஷ்டம். தகிட தக திமி, 3+2+2. சாஃப்ட்வேரில் 7/8 என்று வைத்தால் முதல் அட்சரம் மட்டும் உரக்க, மீதி ஆறும் ஒரே சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு பாடுவது, மேடு பள்ளம் அழித்த ரோட்டில் ஊர் அடையாளம் தேடுகிற மாதிரி. கண்ட சாபுவில் தக தகிட, 2+3. அங்கேயும் இதே கதை.

இப்போதைக்கு வழி உண்டு. ரீப்பரில் கிளிக்கின் வரிசையை நாமே எழுதலாம். எந்த அட்சரம் உரக்க, எந்த அட்சரம் மெதுவாக என்று எழுத்தால் குறித்துவிட வேண்டும். மிஸ்ர சாபுவுக்கு ஒன்று, நாலு, ஆறு மூன்றும் உரக்க. இந்த வசதி இல்லாத சாஃப்ட்வேரில், ஒரு ஆவர்த்தனத்துக்கான தட்டுகளை மிடியில் (எந்தச் சத்தம் எப்போது என்று குறித்துவைக்கும் முறை) செய்து, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். நான் தட்டுக்கு ஒரு சத்தம், விரலுக்கு ஒரு சத்தம், வீச்சுக்குக் காற்று மாதிரி ஒரு சத்தம் என்று என் கையாலேயே பதிந்து வைத்திருக்கிறேன். பாட வருகிற பிள்ளைகள் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டதும் தோள் தளர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன்.

நமக்கு வேண்டியது இதைவிடக் கொஞ்சம் அதிகம். தாளத்தைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். திரையின் மேலே ஓடும் அளவுகோலில் பார் எண்ணுக்குப் பதிலாக ஆவர்த்தன எண் வேண்டும். "மூணாவது ஆவர்த்தனம், இரண்டாவது திருதத்திலேர்ந்து எடுத்துக்கலாம்" என்று பாடுகிறவர் சொன்னால் கை நேராக அங்கே போக வேண்டும். நடையை, அதாவது ஒரு அட்சரத்துக்குள் எத்தனை பங்கு என்பதை, மாற்றினால், சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்கோ கண்டத்துக்கோ போனால், திரைக் கோடுகளும் நாலிலிருந்து மூன்றாகவோ ஐந்தாகவோ மாற வேண்டும்.

அப்புறம் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம். சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், எடுக்காத பாட்டு நம்மிடம் ஏராளம். அரை இடம் தள்ளி, ஒன்றரை இடம் தள்ளி எடுப்பவை இருக்கின்றன. கவுண்ட் கொடுக்கும்போது ஒரு முழு ஆவர்த்தனம் ஓடி, சமம் விழுந்து, எடுப்பு வரும் இடத்தில் ஒரு விளக்கு எரிந்தால் எவ்வளவு வசதி! இதைச் செய்வதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம், ஒரு எண் பெட்டி போதும்.

எங்கள் பாட்டு போகப்போக வேகம் ஏறும். கிளிக்கே இல்லாமல் பதிவு செய்யலாமா?

தாராளமாக. கும்மியும் பம்பையும் வேகம் ஏறத்தான் செய்யும், ஏறினால்தான் அழகு. ஆட்டம் ஒரே வேகத்தில் நின்றால் சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுவதை நிறுத்திவிடுவார்கள். கிளிக் இல்லாமல் பதிந்துவிட்டு, பிறகு சாஃப்ட்வேரின் கோடுகளைப் பாட்டுக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளுங்கள். டெம்போ மேப் என்பார்கள். ரீப்பர், க்யூபேஸ், லாஜிக் மூன்றிலும் உண்டு.

ஒவ்வொரு அடியையும் நாமே இழுத்து வைப்பது பெரிய வேலை. தானாகக் கண்டுபிடிக்கும் வசதிக்கு டிரம்ஸ் நன்றாகப் பிடிபடும். பம்பையில் இரண்டு முகமும் மாறி மாறி உருளும்போது குழம்பிவிடும். பாட்டை ஓடவிட்டு, சமம் வரும்போது மட்டும் நாம் ஒரு விசையைத் தட்டுவோம், நடுவில் இருப்பதை அது பங்கிட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் பம்பைக்காரர்கள் என்னிடம் கேட்டது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

சுருதி திருத்தும் பிளக்இன் போட்டால் கமகம் செத்துவிடுகிறதே?

ஆமாம். அந்தப் பிளக்இன்கள், அதாவது சாஃப்ட்வேரோடு சேர்த்துப் போடும் துணைக் கருவிகள், குரலை அருகில் இருக்கும் நிலையான சுரத்துக்கு இழுக்கின்றன. ஆட்டோ டியூன் 1997இல் வந்தபோதே அடிப்படை அதுதான். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை, அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர், அந்த அசைவுதான் கமகம். இழுக்கும் வேகத்தை அதிகம் வைத்தால் அந்த அசைவு படிக்கட்டாகிவிடும்.

இப்போதைக்கு மூன்று காரியம் செய்யுங்கள். பாட்டு முழுவதற்கும் திருத்தம் போடாதீர்கள், சறுக்கிய ஒரு சொல்லுக்கு மட்டும் போடுங்கள். இழுக்கும் வேகத்தை மிக மெதுவாக வையுங்கள். மெலோடைன் மாதிரி வரைபடத்தில் திருத்துவது கையில் இருந்தால், சுரத்தின் நடுக்கோட்டை மட்டும் நகர்த்துங்கள். அசைவுக்கும் மெதுவான விலகலுக்கும் அதில் தனித்தனிக் கருவி இருக்கிறது, அசைவைத் தொட வேண்டாம்.

மாற்றமாகக் கேட்க வேண்டியது வேறு. வரைபடத்தின் இடது ஓரத்தில் ஸ ரி க ம என்று இருக்க வேண்டும், ஸ எங்கே என்று நாம் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் சுருதியைக் கட்டையில்தான் சொல்கிறார்கள். "அஞ்சரை கட்டை" என்று ஒரு அக்கா சொன்னால் நான் மனசுக்குள் ஜி ஷார்ப் என்று மாற்றித் தேட வேண்டியிருக்கிறது. ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, நாலு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி. இந்தப் பட்டியலை சாஃப்ட்வேர் தெரிந்துவைத்திருக்கக் கூடாதா? உள்ளேயே ஒரு சுருதிப்பெட்டியும் வேண்டும், கட்டையைத் தேர்ந்தெடுத்தால் தம்பூரா ஓட வேண்டும், ஆனால் மிக்ஸில் தானாகச் சேரக்கூடாது.

நாயனம் வாசிக்கிற ஐயா ஒருவர் வருவார். அவர் வாத்தியம் எந்தக் கட்டையிலும் நேராக நிற்காது, கொஞ்சம் மேலே இருக்கும். கூட வாசிக்கிற கீபோர்டைத்தான் அவருக்கு ஏற்ப நகர்த்துவேன். சாஃப்ட்வேர் அவர் ஸட்ஜத்தைக் கேட்டு, மற்ற எல்லா டிராக்கையும் ஒரே தட்டலில் அதற்குச் சேர்த்துவிட்டால் பாதி நாள் மிச்சம்.

ஹெட்ஃபோனில் என் குரல் எனக்கே தாமதமாகக் கேட்கிறது. இது சாஃப்ட்வேரின் குறையா?

பாதி அப்படித்தான். குரல் கம்ப்யூட்டருக்குள் போய் வெளியே வருவதற்குள் பஃபர் என்ற தொட்டியில் கொஞ்ச நேரம் நிற்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1024 என்றால் ஒரு பக்கத்துக்கே 21 மில்லி வினாடி. 128 என்றால் 2.7. பாடும்போது 128 வையுங்கள், மிக்ஸ் செய்யும்போது 1024க்கு மாற்றுங்கள். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில், குரலை நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் நேரடி மானிட்டர் பட்டன் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, சாஃப்ட்வேரில் வரும் குரலை மூடிவிடுங்கள்.

பதிவு பட்டனை அழுத்தியதும் சிறிய பஃபருக்கும், நிறுத்தியதும் பெரியதற்கும் தானாகவே மாறட்டும் என்று பல பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தினம் பத்துத் தடவை இதற்காக செட்டிங்ஸ் திறக்கிறோம்.

செல்போனில் பதிந்தால் போதாதா?

மனசில் வந்த மெட்டைப் பிடித்துவைக்க போதும். மேலே மேலே டிராக் சேர்ப்பதற்கு ஆண்ட்ராய்டில் தாமதம் வெகுநாளாகத் தொல்லை. 2017இல் ஆண்ட்ராய்டு 8.0 உடன் வந்த ஏஆடியோ என்ற முறைக்குப் பிறகு குறைந்தது, ஆனாலும் போனுக்குப் போன் மாறும்.

என் லேப்டாப் பழசு. எட்டு டிராக்குக்கு மேல் போனால் திக்குகிறது.

ஃப்ரீஸ் என்ற வசதியைப் பழகுங்கள். எஃபெக்ட் போட்ட டிராக்கை ஒருமுறை கணக்கிட்டுப் புது ஒலியாக வைத்துக்கொண்டு, எஃபெக்டுகளை அணைத்துவிடும். வேண்டும்போது பழையபடி திறக்கலாம். ரீப்பர், க்யூபேஸ், லாஜிக் எல்லாவற்றிலும் இருக்கிறது, ஆனால் எங்கோ மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. எந்த டிராக் அதிகம் தின்கிறது என்று டிராக்கின் மேலேயே ஒரு சின்ன அளவு காட்டி, பக்கத்திலேயே ஃப்ரீஸ் பட்டனும் வைத்தால் புதுசாக வருகிறவர்களும் பிழைத்துக்கொள்வார்கள்.

டிராக்குக்குத் தமிழில் பெயர் வைத்தால் எழுத்து சிதறுகிறதே?

சிதறுவது உங்கள் தப்பு இல்லை. தமிழ் எழுத்தைக் காட்டும்போது சாஃப்ட்வேர் ஒரு வேலை செய்ய வேண்டும். "கெ" என்பது கணினிக்குள் முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் இருக்கும். காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்யாத சாஃப்ட்வேரில் கொம்பு பின்னால் போய் நிற்கும். "கொம்பு", "பேரிகை" என்று இரண்டு டிராக்குக்குப் பெயர் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். இந்த வேலைக்கென்றே ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நூலகம் இருக்கிறது. ஆகவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

திரையில் சரியாகத் தெரிந்து, வெளியே எடுக்கும்போது கோப்பின் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாக மாறிய அனுபவமும் எனக்கு உண்டு. பன்னிரண்டு டிராக், பன்னிரண்டும் கேள்விக்குறி. ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுப் பெயர் வைத்தேன். அதற்கப்புறம் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிடுகிறேன். நீங்களும் போடுங்கள்.

இது சின்ன விஷயம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தவில்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்க்கும்போது, தன் டிராக் எது என்று அவரே விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடிந்தால், "அங்கே கொஞ்சம் சத்தம் குறைங்க" என்றும் அவரே சொல்வார்.

அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தை எப்படி எடுக்கிறீர்கள்?

முழுசாக எடுக்க முடிவதில்லை. இரைச்சல் நீக்கும் வசதிக்கு, இரைச்சல் மட்டும் இருக்கும் ஓர் இடத்தைக் காட்டினால் அதன் சாயலைப் படித்துக்கொண்டு பாட்டு முழுவதிலும் கழிக்கும். ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்கு அது சரி. விசைத்தறி ஒவ்வொரு அடிக்கும் "டக்" என்று வெட்டி வெட்டி வருகிறது. அதைக் கழிக்கப் போனால் பாடுகிறவரின் த, ட, க எல்லாம் மழுங்கிவிடுகின்றன. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்குப் பக்கத்தில் வீடு இருக்கிற ஒரு தம்பிக்கும் இதே தொல்லை, அவருக்குச் சுத்தியல்.

திரும்பத் திரும்ப ஒரே இடைவெளியில் வருகிற அடியை, அந்த இடைவெளியை வைத்தே அடையாளம் கண்டு குறைக்கும் கருவி வேண்டும் என்பது எங்கள் இருவரின் கோரிக்கை. அதுவரைக்கும் நான் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மைக்கின் முதுகு ஜன்னல் பக்கம் வருகிற மாதிரி வைக்கிறேன். பக்கத்துத் தறிக்காரரிடம் எப்போது நிறுத்துவார் என்று கேட்டுவைத்துக்கொள்கிறேன். அவரும் பாட்டுப் பிரியர், மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பத்து நிமிஷம் நீட்டிக்கொடுத்த நாளும் உண்டு.

ஏற்காட்டு மலைமேல் போய்ப் பதிவு செய்தால் சாஃப்ட்வேர் திறக்காது என்கிறார்களே?

சிலது திறக்காது. உரிமத்தை நெட் வழியாகச் சரிபார்க்கிற சாஃப்ட்வேர், குறிப்பிட்ட நாள் நெட் கிடைக்காவிட்டால் பூட்டிக்கொள்ளும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து காப்பித் தோட்டத்து மண்ரோட்டில் உள்ளே போனால் சிக்னல் இருக்காது. அங்கே வயசானவர்கள் ராத்திரி தீ மூட்டி உட்கார்ந்து பாடும்போது, நம் திரையில் "உரிமத்தைச் சரிபார்க்கவும்" என்று பெட்டி வந்து நிற்கும். ஒருமுறை எனக்கு அப்படி நடந்தது. கையில் இருந்த சின்ன ரெக்கார்டரில் பிடித்தேன்.

விலை கொடுத்து வாங்கியவருக்கு நெட் இல்லாமல் ஒரு வருஷமாவது ஓட வேண்டும், மூன்று நாளைக்கு முன்னாலேயே எச்சரிக்கை வர வேண்டும். ரீப்பருக்கு உரிமக் கோப்பு ஒருமுறை போட்டால் போதும், நெட் கேட்பதில்லை. மலைக்குப் போகும்போது நான் அதையும் ஆடாசிட்டியையும்தான் நம்புகிறேன். இன்னொன்று, மலையில் கோடை மழைக்கு இடி மின்னல் பலமாக இருக்கும். மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதியுங்கள்.

கண் பார்வை இல்லாதவர் இதில் வேலை செய்ய முடியுமா?

முடியும், செய்கிறார்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், ரீப்பர், அதன்மேல் ஒசாரா என்ற இலவச நீட்சி மூன்றும் சேர்ந்தால் எந்த டிராக், எத்தனையாவது பார், சத்தம் எவ்வளவு என்று காதிலேயே சொல்லும். என்விடிஏவில் தமிழ்க் குரலும் இருக்கிறது. பல சாஃப்ட்வேரில் பட்டன்கள் வெறும் படமாக வரையப்பட்டிருப்பதால் திரைவாசிப்பான் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர், எல்லா வேலைக்கும் விசைப்பலகை வழி, இந்த இரண்டும் கட்டாயம் வேண்டும். நல்ல காது உள்ளவர்களை ஒலி வேலைக்கு வெளியே நிறுத்துகிற சாஃப்ட்வேர் எனக்கு வேண்டாம்.

சென்னைக்கு மிக்ஸுக்கு அனுப்பும்போது என் பிராஜெக்டை அவர்கள் திறக்க முடிவதில்லை.

இரண்டு பேரும் வேறு வேறு சாஃப்ட்வேர் வைத்திருப்பீர்கள். பிட்விக், பிரீசோனஸ் இரண்டு நிறுவனமும் சேர்ந்து 2023இல் டா பிராஜெக்ட் என்ற பொது வடிவத்தை வெளியிட்டன, யாரும் பயன்படுத்தலாம். எல்லா நிறுவனமும் அதை ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் பூஜ்யத்திலிருந்தே வேவ் கோப்பாக எடுங்கள். இரண்டாவது சரணத்தில் மட்டும் வரும் புல்லாங்குழலும் பூஜ்யத்திலிருந்தே வர வேண்டும். அப்போதுதான் எல்லாம் ஒரே இடத்தில் உட்காரும்.

கம்பெனிக்குக் கேட்டு எழுதினால் உண்மையிலேயே செய்வார்களா?

செய்கிறார்கள், நாளாகும். ஆடாசிட்டியில் எஃபெக்ட் போட்டால் ஒலியே நிரந்தரமாக மாறிவிடும் என்பது தொடக்கத்திலிருந்தே இருந்த குறை. ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022இல் 3.2 பதிப்பில், ஓடும்போதே போட்டு எடுக்கும் எஃபெக்ட் வந்தது. பல டேக்குகளை அடுக்கி, நல்ல துண்டுகளை இழுத்து ஒன்றாக்கும் வசதி ரீப்பரில் 2023இல் 7ஆம் பதிப்பில் வந்தது.

தாளமும் கட்டையும் இன்னும் வராததற்கு, நாம் போதுமான அளவு கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இது மனசில் வரும். டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்திலேயே ஸ்டூடியோ தொடங்கினார். ஒலிப்பதிவு இந்த ஊருக்குப் புதிது இல்லை.

எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை. பத்தைச் சேர்த்து எழுதினால் பத்தும் தள்ளிப்போகும். "இந்த பட்டன் வையுங்கள்" என்று தொடங்குவதைவிட, எங்கே மாட்டிக்கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள். தீர்வை அவர்கள் இன்னும் நன்றாக யோசிக்கக்கூடும். சாஃப்ட்வேரின் பதிப்பு எண், விண்டோஸா மேக்கா லினக்ஸா என்பதைக் குறியுங்கள். இப்போது அந்த வேலைக்கு எத்தனை கிளிக் ஆகிறது என்று எண்ணி எழுதுங்கள். அதே கோரிக்கையை வேறு யாராவது முன்பே எழுதியிருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதன் கீழே உங்கள் அனுபவத்தைச் சேருங்கள்.

நான் தாளத்துக்காக எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "நான் தென்னிந்தியப் பாட்டு பதிகிறேன். ஏழு அட்சரம் கொண்ட ஒரு தாளம் 3+2+2 ஆகப் பிரிகிறது. உங்கள் கிளிக் முதல் அட்சரத்தை மட்டும் உரக்க அடிப்பதால் பாடகருக்கு இடம் தெரிவதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாக மிடி டிராக் செய்து சமாளிக்கிறேன், ஐந்து நிமிஷம் ஆகிறது. கையால் தட்டிப் பதிந்த பத்து வினாடி ஒலியை இணைத்திருக்கிறேன்." ஒலியைக் கேட்டதும் சாஃப்ட்வேர் எழுதியவருக்குப் புரிந்துவிட்டது, பதிலில் அவரே 2+3 பற்றியும் கேட்டார்.

தமிழில் எழுதலாமா?

பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள், எளிய ஆங்கிலம் போதும். தாளத்தின் பெயரையும் சுரத்தின் பெயரையும் மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதி, பக்கத்தில் எண்ணிக்கையைக் கொடுங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால் தறி நிற்கிற மதிய நேரமாகப் பார்த்து என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதிவிடலாம்.